ஊர் ஓவியர் ஒருவருக்கு நினைவு மலர் தொகுக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்த 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டி என்ற சைவக் கிரியைக்கு வருவோரின் கையில் நினைவு மலர் ஒன்றைக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். தேவாரங்களும், மறைந்த ஆண்டையும் திதியையும் சொல்லும் திதி வெண்பாவும் குடும்பத்தாரின் புலம்பற் பாக்களும் வாழ்க்கைக் குறிப்பும் நன்றியுரையும் அதில் இடம்பெறும். மறைந்தவர் ஊருக்கெல்லாம் படம் எழுதிக் கொடுத்த ஓவியராகவும் நம் நண்பராகவும் இருந்தால் இந்த அமைப்பு மட்டும் போதாது. அவர் எழுதியவை கோயிற் சுவரிலும் நாடகத் திரையிலும் கடைப் பலகையிலும் பாடசாலை மண்டபத்திலும் சிதறிக் கிடக்கும். அவற்றுட் பல அதிக காலம் நிலைக்கமாட்டா. ஆகவே மலருக்குப் பொறுப்பேற்பவர், கட்டுரை கேட்டுப் பலரிடம் செல்வதற்கு முன் படங்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரங்கலுரையை அடுத்த ஆண்டுத் திவசத்துக்கும் எழுதலாம். கோயில் திருப்பணிக்காகப் பாலஸ்தாபனம் செய்து (மூர்த்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி) சுவரைச் சுரண்டிய பின் அதில் இருந்த ஓவியத்தை எவராலும் மீட்க முடியாது.

முதலில் குடும்பத்தாரின் சம்மதத்தைப் பெறுங்கள். துக்கத்தில் இருப்பவர்களை ஒவ்வொரு சிறு விடயத்துக்கும் தொந்தரவு செய்யாமல், முடிவு சொல்லக்கூடிய ஒருவரை அவர்களே தெரிவு செய்யும்படி கேட்பது நல்லது. ஓவியர் வேலை செய்த அறையையோ விறாந்தையையோ யாரும் ஒதுக்கித் துப்புரவாக்கும் முன், இருந்தது இருந்தபடியே புகைப்படம் எடுத்துவிடுங்கள். தூரிகைகள், பாதி தீர்ந்த வண்ணப் பேணிகள், கணக்குக் கொப்பிகள், மாதிரி வரைந்து பார்த்த தாள்கள் ஆகியவை பழைய கடுதாசி என்று எரிக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. கணக்குக் கொப்பி ஒன்றே, எந்த ஆண்டில் எந்தக் கோயிலின் எந்தச் சுவாமி வாகனத்துக்கு வண்ணம் தீட்டினார் என்பதைச் சொல்லிவிடக்கூடும்.

அடுத்தது படைப்புகளின் பட்டியல். கோயில்களில் 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்யும்போது பழைய வண்ணத்தின் மேல் புதிய வண்ணம் ஏறிவிடுவதால், திருப்பணி தொடங்கவிருக்கும் கோயிலுக்கே முதலிற் செல்லுங்கள். முந்தைய கும்பாபிஷேக மலர்களைத் தர்மகர்த்தாவிடம் கேட்டுப் பார்த்தால், வேலை செய்தவர்களின் பெயரும் படமும் கிடைக்க வாய்ப்புண்டு. இசை நாடகத்துக்கும் கூத்துக்கும் எழுதிய காட்சித் திரைகள் சனசமூக நிலையத்திலோ கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டிலோ சுருட்டிக் கிடக்கலாம். அவற்றை உதறி விரித்தால் வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். நிழலில் சுத்தமான பாயின் மேல், இருவர் பிடித்து மெதுவாக உருட்டி விரிக்க வேண்டும்.

படம் பிடிப்பதில் காட்டும் கவனமே மலரின் தரத்தைத் தீர்மானிக்கும் என்பதால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். நேர் வெயிலும் கமராவின் மின்னொளியும் வேண்டாம். காலையில் விறாந்தை நிழலில் வரும் வெளிச்சம் நல்லது. கமரா ஓவியத்தின் நடுப்பகுதிக்கு நேரே, அதே மட்டத்தில் இருக்க வேண்டும். சரிந்தால் சதுரம் சரிவகமாகிவிடும். சட்டத்தின் கண்ணாடியைக் கழற்ற முடியாவிட்டால், படம் எடுப்பவருக்குப் பின்னால் கறுப்புத் துணியொன்றைப் பிடித்துப் பிரதிபலிப்பைக் குறைக்கலாம். ஒவ்வொன்றிலும் முழுப் படம், கையொப்பம், பின்புறம் ஆகிய மூன்றையும் எடுத்து, உயரம், அகலம், வண்ண வகை, தற்போது வைத்திருப்பவர் ஆகியவற்றை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் சுருங்கிவிடுவதால், மின்னஞ்சலிலோ கோப்பு வடிவிலோ அனுப்பும்படி கேளுங்கள். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை.

இனி, அவருடைய நல்ல மனத்தைப் பற்றி எழுதுவது. அன்பானவர், எளிமையானவர், எல்லோருக்கும் உதவியவர் என்ற சொற்கள் எல்லா நினைவு மலர்களிலும் இருப்பதால், உண்மையிலேயே அப்படி வாழ்ந்த ஒருவரை அவை காட்டுவதில்லை. எழுதுபவரிடம் கட்டுரை கேட்காமல் கேள்வி கேளுங்கள். அவர் உங்கள் கையைப் பிடித்து முதலில் எதை வரையப் பழக்கினார்? பிழையை எப்படித் திருத்தினார்? பணம் கொடுக்க முடியாதவரிடம் என்ன சொன்னார்? தேநீர்க் கடைக்காரர், மேடை கட்டியவர், கோயில் ஐயர், அவரிடம் பழகிய பிள்ளைகள் ஆகியோர் சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்து, அவர்களுடைய பேச்சு மொழியிலேயே சில வரிகளை இடுங்கள். இரண்டு பேர் ஒரே சம்பவத்துக்கு இரண்டு ஆண்டு சொன்னால், விழா அழைப்பிதழையோ பாடசாலை நிகழ்வுகளைப் பதியும் சம்பவத் திரட்டையோ பார்த்துத் தீர்க்க வேண்டும். தீராதபோது "1970களின் நடுப்பகுதி" என்று எழுதுவது நேர்மையானது. அவருடைய நோய், கடன், குடும்ப மனவருத்தம் ஆகியவற்றைக் குடும்பத்தார் விரும்பினாலன்றி எழுதக் கூடாது. உலகப் புகழ் பெற்ற ஓவியர்களோடு அவரை ஒப்பிடவும் வேண்டாம். அவர் யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்று எழுதுவதே அவருக்கு உரிய மரியாதை.

அச்சில், தைத்த மலருக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் வண்ணத்தில் அச்சிடப் பணம் போதாவிட்டால், ஓவியங்களை நடுவில் 8 வண்ணப் பக்கங்களாகத் தொகுக்கலாம். திதி வெண்பாவை எழுதத் தெரிந்த புலவர் ஒருவரிடமே கேளுங்கள். அதன் கீழ் ஆங்கிலத் திகதியையும் இடுங்கள், ஏனெனில் பின்னாளில் ஆய்வு செய்பவருக்கு ஆண்டின் பெயரும் திதியும் மட்டும் போதமாட்டா.

31 நாளுக்குள் எல்லாம் முடியாவிட்டால், அந்தியேட்டிக்கு வழமையான சிறு மலரைக் கொடுத்துவிட்டு, படைப்புகளின் தொகுப்பை ஆண்டுத் திவசத்துக்கு வெளியிடலாம். அவசரத்தில் பிழையாக அச்சிடுவதைவிட அது மேல். இன்னொன்றையும் மனப்பூர்வமாகச் சொல்கிறேன்: கலைஞர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்வது இன்னும் சிறந்தது. எத்தனையோ மாணவர்களை உருவாக்கிய யாழ்ப்பாண ஓவியர் அ. மாற்குவுக்கு 1987இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே, சிறப்பு மலர் வெளியிட்டார்கள். பின்னர் போரிலும் இடப்பெயர்விலும் அவருடைய ஓவியங்கள் பல தொலைந்துபோயின. அவரை அறிய விரும்புவோருக்கு இன்று அத்தகைய அச்சுப் பிரதியே பெருந்துணை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததையும் 1995 ஒக்டோபரில் போரால் ஊரே இடம்பெயர்ந்ததையும் கண்ட நாம், பிரதிகளை ஓரிடத்தில் மட்டும் வைக்கக் கூடாது. யாழ்ப்பாணப் பொது நூலகம், அவர் கற்பித்த பாடசாலை, ஊர்ச் சனசமூக நிலையம் ஆகியவற்றுக்கு மலரைக் கொடுத்து, மின்பிரதியை 'நூலகம்' என்ற பெயருடைய இணைய ஆவணத் தளத்துக்கு அனுப்புங்கள். 2005 முதல் இயங்கும் அந்தத் தளத்தினர் நினைவு மலர்களையும் ஆவணப்படுத்துகிறார்கள். மலரில் சேராத படங்களையும் குரற் பதிவுகளையும் இரண்டு வன்தட்டுகளில் பதிந்து, ஒன்றைக் குடும்பத்தாரிடமும் மற்றதை வெளிநாட்டிலுள்ள பொறுப்பான ஒருவரிடமும் ஒப்படையுங்கள். இரவலாக வாங்கிய புகைப்படங்களையும் அழைப்பிதழ்களையும், மலரின் ஒரு பிரதியோடு, உரியவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.