லிஸ்பன் மேடுகளில் குட்டிகளோடு

லிஸ்பனை ஏழு குன்றுகளின் நகரம் என்பார்கள், ஆனால் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஏறுகிறவருக்கு எழுபது என்றுதான் தோன்றும். ஸ்ட்ரோலர் எடுத்துப் போவதென்றால் சக்கரம் பெரியதாக இருக்கட்டும். நடைபாதை முழுக்கக் கைமுட்டி அளவுச் சுண்ணாம்புக் கற்களைப் பதித்திருக்கிறார்கள், பல நூறு செருப்புகள் தேய்த்துத் தேய்த்து அவை பளபளவென்று இருக்கும், தூறல் விழுந்தால் சறுக்குமரம்தான். பழைய குடியிருப்பான அல்ஃபாமாவில் படிக்கட்டுச் சந்துகளே அதிகம், அங்கே கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மேட்டுக்குப் பஸ்ஸிலோ டிராமிலோ போய்விட்டு, நடப்பதை இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 28ஆம் எண் மஞ்சள் டிராமில் ஏற வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். சரி, ஆனால் காலையில் சீக்கிரம் போய், புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். நடுவில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது, பிக்பாக்கெட் தொல்லை வேறு.

ஒரு நாள் மேடு, மறுநாள் சமதளம். 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேர்க்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டிய பைஷா தட்டையான பகுதி. ஆற்றோரம் இருக்கும் பெலேங் பகுதியும் அப்படித்தான், முட்டைக்கிரீம் பேஸ்ட்ரியைச் சூடாகக் கையில் கொடுத்தால் கொஞ்ச நேரம் அழுகை இருக்காது.

நேரம் குறைவா? குன்றின் மேலுள்ள கோட்டையைக்கூட விட்டுவிடலாம், மெட்ரோவில் ஓரியெண்ட்டே நிலையத்தில் இறங்கி, 1998இல் திறந்த ஓசியனாரியோ என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தை விடாதீர்கள். நடுத் தொட்டியில் சுறா கண்ணாடியை உரசிப்போகும்போது என் சின்னவள் மூக்கை அழுத்தி நின்றவள் நின்றவள்தான், கண்ணாடியெல்லாம் எச்சில்.