பட்டிருப்புத் தொகுதியின் வாக்களிப்பு வரலாற்றைத் தொகுக்கும் முறை

பட்டிருப்பு இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள ஒரு தேர்தல் தொகுதி. முதலில் 1977 வரையான பொதுத்தேர்தல்களையும் 1989 முதலானவற்றையும் பிரித்து வைக்க வேண்டும். ஏனெனில் முன்பு பட்டிருப்பு தனக்கென உறுப்பினரைத் தெரிவுசெய்தது, கட்சிகளின் வாக்கு விகிதப்படி ஆசனங்களைப் பகிரும் விகிதாசார முறை வந்தபின் அது கல்குடா, மட்டக்களப்புத் தொகுதிகளோடு சேர்ந்து மாவட்ட ஆசனங்களைத் தீர்மானிக்கும் ஒரு பகுதி மட்டுமே.

அடுத்து, தேர்தல் ஆணைக்குழுவின் தொகுதிவாரி முடிவுகளில் செல்லுபடியான வாக்குகளில் ஒவ்வொரு கட்சியும் பெற்ற சதவீதத்தை ஒப்பிட வேண்டும். தபால் வாக்குகள் மாவட்ட அளவில் தனியே காட்டப்படுவதால் அவற்றைச் சேர்க்கலாகாது (புதியவர்கள் சறுக்குமிடம் இதுவே).

ஆசனங்களை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மாவட்டத்தின் 5 ஆசனங்களில் தமிழரசுக் கட்சி 2020 இல் 2 ஐயும் 2024 இல் 3 ஐயும் பெற்றது. ஆயினும் 2024 இல் அதன் வாக்குகள் மூன்றில் ஒரு பங்களவே. முதலிடக் கட்சிக்குரிய மேலதிக ஆசனமும் எதிரணி வாக்குகளின் சிதறலும் இவ்விடைவெளியை விளக்கும்.

களுவாஞ்சிகுடி அமைந்த எழுவான்கரையும் (மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை) வெல்லாவெளி அமைந்த படுவான்கரையும் (மேற்குக் கரை) ஒரே தொகுதிக்குள் வருவதால், தொகுதியின் ஒற்றைச் சதவீதம் இரு கரைகளின் வேறுபாட்டை மறைத்துவிடும். அதை அறிய 2018, 2025 பிரதேச சபைத் தேர்தல்களின் வட்டார முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.