அந்தமானில் பிள்ளைகளோடு: காலை நேரத்தை விட்டுவிடாதீர்கள்

அரையாண்டு விடுமுறைக்கு வேலூரிலிருந்து அந்தமான் கிளம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். டிசம்பரில் அங்கே மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். நம் ஊரில் போல வெயில் தாழட்டும் என்று இருந்தால் பிள்ளைகளுக்குக் கடலே கிடைக்காது. காலையிலேயே இறங்கிவிடுங்கள்.

நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் கண்ணாடி அடிப்பலகைப் படகு இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது, அதே தீவின் லட்சுமண்பூர் பக்கம் கடல் உள்வாங்கும் நேரத்தில் பாறைக்குழிகளில் நண்டும் குட்டி மீனும் தேடுவதுதான். அந்த நேரம் தினமும் மாறும். முந்தின நாளே விடுதியில் கேட்டுவிடுங்கள். பாலாற்று மணலில் ஓடிய பழக்கத்தில் வெறுங்காலோடு பாய்வார்கள், பவளத்துண்டு கிழித்துவிடும். வழுக்காத செருப்பு கட்டாயம்.

அப்புறம், பவளம் எதையும் பையில் போட விடாதீர்கள். சட்டப்படி தடை.