1908 காலத்துக் காருக்குப் பின் ஆக்சில் பிரேக் வடிவமைக்கலாம், வாங்க

1910-க்கு முன் ஓடிய கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரங்களில் மட்டும்தான் பிரேக். முன் சக்கரம் திரும்பும். அதற்குள் பிரேக் கம்பியைக் கொண்டுபோவது அன்றைக்குப் பெரும்பாடு. அப்படி ஒரு காரை மனதில் வைத்துக் கணக்குப் போடுவோம்: எடை 800 கிலோ, அதில் 440 கிலோ பின்னால்.

படி 1: தரை எவ்வளவு பிடி தரும்?
பிரேக் பிடித்தால் கார் முன்பக்கம் அழுந்தும், பின்பக்கம் லேசாகும். சக்கர இடைவெளி 2.5 மீட்டர், எடை மையம் 60 செ.மீ. உயரம் என்றால், பின்னால் சுமார் 393 கிலோதான் மிஞ்சும். மண் சாலையின் உராய்வு 0.5 என்று வைத்தால் நிறுத்தும் விசை 196 கிலோ, ஒரு சக்கரத்துக்கு 98. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க 26 மீட்டர் ஆகும். இதற்கு மேல் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும்.

படி 2: டிரம்
டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் உருளை; அதைப் பிடித்தால் சக்கரம் நிற்கும். சக்கர ஆரம் 38 செ.மீ., டிரம் ஆரம் 15. அப்படியானால் டிரம்மின் விளிம்பில் 248 கிலோ பிடிக்க வேண்டும்.

படி 3: பட்டை
டிரம்மை வெளியிலிருந்து சுற்றி இறுக்குவது பட்டை. இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு ஷூ லேஸை பாட்டிலில் முக்கால் சுற்று சுற்றி, ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையை லேசாக இழுத்தபடி பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் கப்பென்று பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். பிரேக் பட்டையும் அப்படியே. டிரம் எந்த முனையிலிருந்து பட்டையை இழுத்துக்கொண்டு ஓடுகிறதோ, அந்த முனையை ஆக்சில் கூட்டில் நிலையாகப் பூட்டுங்கள். லைனிங்கின் (பட்டையின் உட்புறம் ஒட்டிய உராய்வுப் பூச்சு) உராய்வு 0.3, சுற்று 270 டிகிரி என்றால் மறுமுனையில் 80 கிலோ இழுத்தாலே போதும். மாற்றிப் பூட்டினால் 328 கிலோ வேண்டும்!

ஆனால் மேட்டில் கார் பின்னால் உருளும்போது டிரம் எதிர்த்திசையில் சுற்றும், அப்போது அதே 328 கிலோ கேட்கும். அதனால்தான் பல கார்களில் தரையில் ஊன்றிக்கொள்ளும் இரும்புத் தாங்குகட்டை தொங்கியது. நான் செய்வதானால் இரண்டு முனையையும் சேர்த்து இழுக்கும் லீவர் வைப்பேன். இழுப்பு கூடுதலாக வேண்டும். ஆனால் இரு திசையிலும் ஒரே பிடி கிடைக்கும். 1902-இல் லூயி ரெனோ கொண்டுவந்த, உள்ளிருந்து விரியும் ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் வளைந்த கட்டை) இன்னும் நல்லது. டிரம்முக்குள்ளேயே இருப்பதால் சேறும் தண்ணீரும் அவ்வளவாக ஏறாது.

படி 4: லீவர்
ஒரு முனை இழுக்கும் பட்டையையே வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் சேர்த்து 160 கிலோ, கை தருவது 20. எட்டு மடங்கு லீவர் போதும். பட்டைக்கும் டிரம்முக்கும் இடைவெளி 1.5 மி.மீ. என்றால் பட்டையின் முனை 7 மி.மீ. நகரும், கைப்பிடி 56.

இழுப்பை இரு சக்கரத்துக்கும் நுகத்தடிபோல ஒரு சட்டத்தால் பிரியுங்கள். ஒரு பக்க லைனிங் தேய்ந்தால் சட்டம் சாயும், இழுப்பு சமமாகவே இருக்கும். சட்டம் இல்லாவிட்டால் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

படி 5: ஆக்சிலின் ஆட்டம்
பள்ளத்தில் ஸ்பிரிங் அழுந்தும்போது ஆக்சில் ஒரு புள்ளியைச் சுற்றி ஏறி இறங்கும். இழுப்புக் கம்பியின் முன் கீல் அந்தப் புள்ளிக்கு அருகே இருக்கட்டும். தள்ளி வைத்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிரேக் தானே பிடித்து விடும். அப்புறம், பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் கூடும் சக்கரத்தோடு சுழலப் பார்க்கும். அந்தத் திருகலை (இரு சக்கரத்துக்கும் சேர்த்து, ஒரு மீட்டர் நீளக் கையின் முனையில் 75 கிலோ அழுத்துவதற்குச் சமம்) தாங்க ஒரு தாங்கு கம்பியைக் காரின் சட்டகத்தில் கட்டுங்கள். ஸ்பிரிங் தலையில் அதைச் சுமத்தாதீர்கள்.