காசி, கயாவோடு திரும்பிவிடாமல் லும்பினி வரை: காரைக்குடிப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

செட்டிநாட்டில் காசிக்குப் போய்வராத வீடு குறைவு. அப்படிப் போகிறவர்களில் பெரும்பாலோர் கயாவில் பிண்டம் போட்டு, வேன்காரர் தரும் ஒரு மணி நேரத்தில் புத்தகயாவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கயாவுக்கு அப்பால் இன்னும் ஆறேழு நாள் ஒதுக்கினால் போதும். ராஜகிரி, நாலந்தா, பாட்னா, வைசாலி, குசிநகரம் என்று புத்தர் கடைசியாக நடந்துபோன வழியிலேயே போய், நேபாளத்தில் அவர் பிறந்த லும்பினியையும் பார்த்துவிட்டு கோரக்பூரில் ரயில் ஏறலாம். போன வழியிலேயே திரும்பி வரவேண்டியதில்லை என்பதுதான் இந்த வரிசையின் லாபம்.

எப்போது போவது

மாசி மாதம்தான் சரி. தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம் போய்வந்தவர்கள் கால்வலி தீர்ந்ததும் கிளம்பலாம். மார்கழியிலும் தை முற்பாதியிலும் அங்கே மூடுபனி. ரயில்கள் ஐந்தாறு மணி நேரம் தாமதமாவது சாதாரணம், சில நாள் ரத்தும் ஆகும். பங்குனிக் கடைசியில் வெயில் ஏறத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் கயா அடுப்பு. சித்திரையிலோ வைகாசியிலோ வரும் புத்த பூர்ணிமைக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் வயதானவர்களைக் கூட்டிப் போக வேண்டாம். மாசியிலும் சிவராத்திரி வாரத்தைத் தவிருங்கள், காசியில் கால் வைக்க இடமிருக்காது. மகாளய பட்சத்தில் கயாவில் அறை கிடைப்பது கஷ்டம். அது முடிந்து ஐப்பசி பாதிக்கு மேல் கார்த்திகை வரை இன்னொரு நல்ல காலம்.

கிழமையையும் கணக்குப் பாருங்கள். சாரநாத் அருங்காட்சியகம், நாலந்தா அருங்காட்சியகம் இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. நம் தேசியச் சின்னமான நான்முகச் சிங்கத்தின் மூலச் சிற்பம் சாரநாத் அருங்காட்சியகத்துக்குள்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை போனால் அதைப் பார்க்காமல்தான் திரும்ப வேண்டும்.

ரயில்

முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கும். 120 நாள் என்ற பழைய நினைப்பில் இருக்க வேண்டாம். இராமேசுவரத்திலிருந்து பனாரஸுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. அதில் இடமில்லையென்றால் சென்னை போய் கங்கா காவேரி. எதில் போனாலும் இரண்டு இரவுக்குக் குறையாது. முதல் நாளுக்குப் புளியோதரை. அதற்கு மேல் சம்படத்தில் தேன்குழல், சீப்புச் சீடை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், மறுநாள் காலைக்குள் ஊசிவிடும்.

ஊர் பெயரில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. வாராணசி சந்திப்பு ஒன்று, பனாரஸ் இன்னொன்று. பனாரஸ் என்பது பழைய மண்டுவாடி நிலையம். மூன்றாவது தீன் தயாள் உபாத்யாயா, அதாவது பழைய முகல்சராய். அது கங்கைக்கு அக்கரையில், தனி ஊர். கயாவுக்குப் போகும் பல ரயில்கள் அங்கிருந்துதான் கிடைக்கும். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்க்காமல் ஆட்டோ ஏறுகிறவர்கள்தான் ரயிலை விடுகிறார்கள்.

காசியும் சாரநாத்தும்

காசி நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தில் தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சாரநாத் அங்கிருந்து சுமார் 10 கி.மீ. காலை பலகாரம் முடித்து ஆட்டோ பிடித்தால், விசுவநாதருக்குப் பூஜைப் பொருள் கொண்டுபோகும் மாலை ஊர்வலமான சம்போ புறப்படுவதற்கு முன் நிதானமாகத் திரும்பலாம். புத்தர் முதல் உபதேசம் செய்த இடம் இது. தாமேக ஸ்தூபி சுமார் 43 மீட்டர் உயரம். கீழ்ப்பகுதியில் கல்லில் செதுக்கிய பூவேலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பக்கத்தில் மூலகந்தகுடி விகாரை, 1931இல் திறந்தது. உள்சுவர் ஓவியங்கள் ஜப்பானியர் கோசெட்சு நோசு வரைந்தவை. பட்டு வாங்கலாம் என்று ஆட்டோக்காரர் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள், அரை நாள் அங்கேயே போய்விடும்.

புத்தகயா

கயாவில் காரியம் முடியும்போது மதியம் ஆகிவிடும். அதே நாளில் புத்தகயாவையும் முடிப்பது வீண். சாமானோடு போய் இரண்டு இரவு அங்கேயே தங்குங்கள். கயாவிலிருந்து ஆட்டோவில் முக்கால் மணி நேரம் பிடிக்கும். இருட்டுவதற்குள் போய்ச் சேருவது நல்லது.

மகாபோதி கோயில் காலை 5 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. 2013இல் குண்டு வெடித்த பிறகு கைபேசிக்கு உள்ளே அனுமதியில்லை. வாசலில் உள்ள பெட்டகத்தில் வைத்துச் சாவி வாங்கிக்கொள்ள வேண்டும். குழுவாகப் போனால் உள்ளே ஒருவரை ஒருவர் அழைக்க முடியாது என்பது பலருக்கு அங்கே போனபிறகுதான் உறைக்கும். வெளியே சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முதலிலேயே பேசிவையுங்கள். செருப்பும் வெளியேதான். உச்சி வெயிலில் கல்தரை காலைச் சுடும் என்பதால் ஒரு ஜோடி பழைய காலுறை கையில் இருக்கட்டும்.

கோயில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது, படியிறங்கித்தான் போக வேண்டும். முதலில் கருவறை: பொன் பூசிய கல் புத்தர், வலக்கை தரையைத் தொட்ட நிலையில். வெளியே வந்து நம் கோயிலில் சுற்றுவதுபோலவே வலமாகச் சுற்றுங்கள். பின்புறம் மேற்கில் போதி மரமும் அதன் அடியில் புத்தர் அமர்ந்த இடத்துக் கல் பீடமான வஜ்ராசனமும். இப்போதுள்ள மரம் மூல மரமல்ல. முன்பிருந்தது 1876இல் சாய்ந்தது, அதன் வழி வந்த கன்றை 1881இல் தொல்லியல் அறிஞர் கன்னிங்ஹாம் வைத்தார். இலையைப் பறிக்கக் கூடாது, உதிர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். காற்று அடித்து ஓர் இலை விழுந்தால் பர்மா, தாய்லாந்து, இலங்கைக்காரர்கள் என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். வெளியே கடையில் அதே மாதிரி இலை பாலிதீன் உறையில் விற்பார்கள், எந்த மரத்து இலையோ.

வடபக்கத்தில் தாமரை வடிவக் கற்கள் வரிசையாக இருப்பது, ஞானம் பெற்றபின் புத்தர் நடை பயின்ற இடம். தெற்கே முசலிந்தக் குளம். விடியலில் வந்தால் திபெத்தியர்கள் பலகைமேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுவதைப் பார்க்கலாம். குறுக்கே நடக்காதீர்கள். தேரவாத பிக்குகளுக்கு (இலங்கை, பர்மா, தாய்லாந்து மரபினர்) உணவு கொடுப்பதானால் நண்பகலுக்கு முன், பெண்கள் அவர்கள் கையில் நேரடியாகக் கொடுக்காமல் தட்டில் வைத்துத் தர வேண்டும்.

பல நாட்டு விகாரைகளில் தங்கலாம். மின்னஞ்சலில் முன்பே எழுதிக் கேளுங்கள். விடுதிபோல எந்நேரமும் வந்துபோக முடியாது, இரவில் சீக்கிரமே கதவடைத்துவிடுவார்கள். மாணவர்களுக்கு நோட்டு, அரிசி என்று உங்களைக் கடைக்கு இழுப்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய அரிசி அதே கடைக்குத் திரும்பிவிடும்.

தியானம் கற்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயங்கா வழி விபாசனா பத்து நாள் வகுப்பு புத்தகயாவிலும் நடக்கிறது. அவர் 1924இல் மாந்தலேயில் பிறந்து, ரங்கூனில் ஊ பா கின் என்னும் ஆசிரியரிடம் பயின்று, 1969இல் இந்தியா வந்து கற்பித்தவர். பர்மாவில் கடை வைத்திருந்த குடும்பங்களுக்கு இந்த ஊர்ப்பெயர்களைப் புதிதாகச் சொல்ல வேண்டாம். கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். ஆனால் பத்து நாள் பேச்சில்லை, கைபேசியில்லை, காலை 4 மணிக்கு மணி அடிக்கும், நடுவில் கிளம்பக் கூடாது. இதை யாத்திரைக்கு நடுவே செருகாதீர்கள். முதல் தடவையைச் சென்னை மையத்தில் வைத்துக்கொண்டால், ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும்.

ராஜகிரியிலிருந்து குசிநகரம்

புத்தகயாவிலிருந்து ஒரு காரை குசிநகரம் வரைக்கும் பேசிவிடுவது மேல். பேருந்து மாறி மாறிப் போனால் வைசாலி தப்பிப்போகும். ராஜகிரியில் புத்தர் உபதேசம் செய்த கிருத்ரகூட மலைக்கு ஏறக் கஷ்டப்படுபவர்கள் ரோப்காரில் சாந்தி ஸ்தூபிக்குப் போய், அங்கிருந்து இறங்கு வழியில் வரலாம். நாலந்தா சுமார் 12 கி.மீ. அங்கே தலைமை ஆசானாக இருந்த தர்மபாலர் நம் காஞ்சிக்காரர், யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். வழிகாட்டிகள் சொல்வதில்லை, நீங்கள் சொல்லுங்கள். பீகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு, பையில் ஒரு குப்பி இருந்தாலும் வழக்கு.

அடுத்த நாள் நீண்ட நாள். இரவு பாட்னாவில் தங்கி விடியலில் கிளம்பினால் வைசாலியில் ஒற்றைச் சிங்கத்தோடு நிற்கும் தூணையும், கேசரியாவில் பெரிய ஸ்தூபியையும் பார்த்து, பொழுது சாய்வதற்குள் குசிநகரம் சேரலாம். புத்தர் காலமான ஊர் இது; பரிநிர்வாணக் கோயிலில் படுத்த நிலையில் புத்தர், சுமார் 6 மீட்டர் நீளம். கால்மாடு, நடு, தலைமாடு என்று மூன்று இடத்தில் நின்று முகத்தைப் பாருங்கள். மூன்று விதமாகத் தெரியும் என்பார்கள். தகனம் நடந்த ராமாபார் ஸ்தூபி கொஞ்சம் தள்ளிக் கிழக்கே.

லும்பினி: எல்லையில்தான் சிக்கல்

குசிநகரம்–கோரக்பூர் 53 கி.மீ. அங்கிருந்து சோனௌலி எல்லை ஏறக்குறைய 100 கி.மீ. எல்லைக்கு அப்பால் பைரவா, அங்கிருந்து லும்பினி 22 கி.மீ. இந்தியருக்கு விசா வேண்டாம். ஆனால் ஆதாரை நம்பிப் போகாதீர்கள்: பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் மட்டுமே ஆதார் போன்ற பிற படமுள்ள அட்டைகள் செல்லும். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வரும் சொந்தக்காரர்கள் கூட இருந்தால் அவர்களுக்கு நேபாள விசா தேவை. அதைவிட முக்கியம், இந்தியாவுக்குள் திரும்ப நுழைய அவர்களுடைய விசா பலமுறை நுழைவாக இருக்க வேண்டும். இ-விசாவானால் சோனௌலி வழி செல்லுமா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். செல்லாதென்றால் அவர்கள் குசிநகரத்தோடு நிற்பதே நல்லது.

இந்திய நூறு ரூபாய் நேபாளத்தில் 160 ரூபாய், 1993 முதல் இதே விகிதம். நூறு ரூபாய்த் தாளாகவே கொண்டுபோங்கள். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளுங்கள். இந்திய வண்டியை உள்ளே கொண்டுபோக அனுமதிச் சீட்டுக்கு வரிசை நிற்க வேண்டும். எல்லையில் இறங்கி நடந்து கடந்து, அக்கரையில் வேறு வண்டி பேசுவதே வேகம்.

மாயாதேவி கோயிலுக்குள் படமெடுக்கக் கூடாது. வெளியே அசோகர் தூண். இந்த ஊருக்கு வரியை நீக்கி விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டும் வாங்கச் சொன்ன கணக்கு அதில் வெட்டியிருக்கிறது. கால்வாய்க்குக் கிழக்கே தேரவாத விகாரைகள், மேற்கே மகாயான விகாரைகள். பரந்த இடம், நடந்தால் முடியாது. மிதிவண்டியோ மின்ரிக்‌ஷாவோ எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப கோரக்பூரிலிருந்து சென்னை வழியாகக் கேரளம் போகும் ராப்தி சாகர் இருக்கிறது, தினசரி ரயிலல்ல. எல்லை கடக்கும் நாளுக்கும் ரயில் நாளுக்கும் நடுவே ஒரு முழு நாள் விட்டு டிக்கெட் போடுங்கள். சோனௌலியில் லாரி வரிசை நின்றுவிட்டால் 100 கி.மீ.க்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஓட்டுநராலும் சொல்ல முடியாது.