சவுக்குத் தோப்பில் பட்டைப் புழு, கொப்புள நோய்: கண்டுபிடிப்பதும் கட்டுப்படுத்துவதும்

கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு வைக்கும் பலர் முதல் வருஷம் களையெடுத்துத் தண்ணீர் விடுவதோடு சரி, அப்புறம் வெட்டுக்குத்தான் தோப்புக்குள் நுழைகிறார்கள். மீட்டருக்கு மீட்டர் நட்டால் ஏக்கருக்கு நாலாயிரம் மரம். வரப்பில் நின்று பார்த்தால் உள்ளே நடப்பது தெரியவே தெரியாது.

1. மாதம் ஒருமுறை உள்ளே நடங்கள்

குறுக்கும் நெடுக்குமாக நடந்து, இலையை விட மரத்தண்டை உற்றுப் பாருங்கள். சந்தேகப்படும் மரத்தில் பெயின்ட் அடையாளம் வையுங்கள்.

2. பட்டைப் புழுவா?

கிளை பிரியும் கவட்டையில், மரத்தூளும் புழுவின் எச்சமும் நூலாம்படையில் கோத்தது போலப் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும். பிய்த்தால் பாய் போல உரிந்து வரும். அடியில் பட்டை சுரண்டியிருக்கும், பக்கத்தில் ஒரு துளை. பகலில் புழு துளைக்குள் பதுங்கியிருந்து, இரவில் அந்த மூடாக்கின் கீழேயே வந்து பட்டையைத் தின்னும். அதனால் மேலோட்டமாக மருந்து தெளிப்பது காசுக்குக் கேடு.

கூட்டைத் துடைத்தெடுத்து, துளைக்குள் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்துங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்துக் களிமண்ணால் அடையுங்கள். ஒரு வாரம் கழித்துக் கட்டாயம் போய்ப் பாருங்கள்: புதுத் தூள் தெரிந்தால் புழு சாகவில்லை, மறுபடி செய்யுங்கள். இந்தப் புழு வளர்ந்து மாறும் அந்துப்பூச்சி மே, ஜூன் வாக்கில் வெளிவந்து முட்டையிடும். வருஷத்துக்கு ஒரே தலைமுறைதான் என்பதால், மழைக்காலத்தில் புழு சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

3. கொப்புள நோயா?

இது டிரைக்கோஸ்போரியம் என்ற பூஞ்சையின் வேலை. இலை வெளிறிக் காயும், பட்டை வெடித்துக் கொப்புளம் கிளம்பும். ஒரு கொப்புளத்தை உடைத்தால் கரித்தூள் போலக் கறுப்புப் பொடி கொட்டும். ஒன்று போதும், மற்றதைத் தொடாதீர்கள். அந்தப் பொடிதான் நோயின் விதை, காற்றில் பரவும்.

இந்த மரத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். தூரோடு தோண்டியெடுத்து, பட்டையை அங்கேயே கொளுத்துங்கள். வேரோடு வேர் உரசியும் நோய் தொற்றும் என்பதால், சுற்றிலும் பள்ளம் வெட்டிப் பக்கத்து மரங்களைப் பிரிப்பது முக்கியம். மனம் கேட்காமல் ஒரு மரத்தை விட்டுவைத்தால் வரிசையே போய்விடும்.

4. அடுத்த நடவுக்கு

நாட்டுச் சவுக்கை விட ஜுங்குனியானா என்ற சவுக்கு இனம் கொப்புள நோயை நன்றாகத் தாங்கும். கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வெளியிட்ட குளோன் (தாய் மரத்தின் துண்டிலிருந்தே வளர்க்கும்) ரகங்களும் உண்டு. நாற்று வாங்கும்போது ரகத்தின் பெயரைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.