கொங்கு முறைக் கல்யாணம்: சீரும் பதிவும் எப்படிச் செய்வது?

முகூர்த்தக்கால் நடுவதிலிருந்து பந்தி பரிமாறுவது வரை எல்லாவற்றுக்கும் கல்யாண வீட்டில் ஆள் இருக்கும். பதிவுக்கு மட்டும் இருக்காது. என் அத்தை மகள் கல்யாணத்திலும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டோம். விசாவுக்குச் சான்றிதழ் கேட்டபோது நான்கு மாதம் ஓடியிருந்தது. அலைச்சலும் தாமதக் கட்டணமும்தான் மிச்சம்.

1. முதலில் தகுதி. மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முந்தைய துணை உயிரோடு இருந்தால் முறைப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும். நெருங்கிய உறவில் மணம் செய்ய 1955 இந்து திருமணச் சட்டம் தடை சொல்கிறது. ஆனால் வழக்கத்தில் இருந்தால் விலக்கும் தருகிறது. மாமன் மகள், அத்தை மகளைக் கட்டுவது அந்த விலக்கில் வருகிறது. சாதி மாறிக் கட்டுவதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. இதை யார் மிரட்டினாலும் நினைவில் வையுங்கள்.

2. அடுத்து, எந்த முறை. இங்கேதான் பலருக்குக் குழப்பம். "ஐயர் வைத்து, அக்கினி வலம் வந்தால்தான் செல்லுமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. மணமக்களில் ஒருவருடைய வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும் என்கிறது அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு. அருமைக்காரர் (சீர்களை நடத்தி வைக்கும் பெரியவர்) முன்னின்று, இணைச்சீர் (மாப்பிள்ளையின் சகோதரியோடு செய்யும் சீர்) செய்து, மங்கல வாழ்த்துப் பாடி நடக்கும் நம் கல்யாணம் முழுமையாகச் செல்லும். நடத்தி வைத்த அருமைக்காரரின் பெயர், முகவரியை அன்றே குறித்து வையுங்கள். சடங்கே வேண்டாம் என்பவர்களுக்கு 7ஏ பிரிவு இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்காகத் தமிழ்நாடு 1967இல் சேர்த்தது அது. உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் சரி.

கிறிஸ்தவர்களுக்கு 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதிகாரம் பெற்றவர் நடத்த வேண்டும். முஸ்லிம்களுக்கு நிக்காஹ். ஜமாஅத் புத்தகத்தில் எழுதியிருந்தாலும் அரசுப் பதிவு தனியாக வேண்டும்.

மதம் மாறாமல் இரு மதத்தவர் மணப்பதென்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். 30 நாள் கழித்து, மூன்று சாட்சிகளோடு போய் மணம் முடிக்கலாம். அறிவிப்பு மூன்று மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் தேதியைக் கணக்குப் போட்டு வையுங்கள்.

3. இனி பதிவு. 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, கல்யாணமான 90 நாளுக்குள் செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, இருவரும் சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பழனியில் தாலி கட்டித் திருப்பூரில் குடியிருப்பவர்கள் பழனிக்கே திரும்ப வேண்டியதில்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு குடியிருக்கும் ஊரிலும் பதியலாம்.

பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, தாலி கட்டும் படம், கோயிலில் நடந்திருந்தால் அதன் ரசீது, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா பாருங்கள்.

விசா அவசரத்தில் "முதலில் பதிவு, கல்யாணம் பிறகு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரிய முறையில் கல்யாணம் நடக்காமல் வாங்கும் சான்றிதழால் மட்டும் இந்து திருமணம் ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். பிழை இருந்தால் வெளியே வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.